ஏழு கண் பாலத்தில் அடைத்த ஓட்டைகள்

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த படத்துக்குக் கட்டைவிரலும் பூங்கொத்தும் போட்ட அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாம். எல்லாருக்கும் எழுபது தொட்டாயிற்று. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டி வலி. நீளமாக எழுதினால் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். குரலில் பேசி அனுப்பினாலோ பக்கத்தில் பேரப்பிள்ளை இருக்கிறது என்று நடுவிலேயே நிறுத்திவிடுவீர்கள். அதனால் எழுத்திலேயே திட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் நம் ஏழு கண் பாலத்தின் படம். ரயில் நின்றுபோய்க் காடு மூடிக் கிடந்த பாலத்தைச் சுத்தம் செய்து, பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப் போகிறார்களாம். சந்தோஷம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்ட இடத்தில், நாம் பார்த்தது பார்த்தபடி நிற்பது அந்தக் கருங்கல் ஒன்றுதான். படத்தில் மண்டோர் மகன் தொப்பி போட்டுக்கொண்டு, புதிதாக நட்ட பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். தோட்டத்தில் அவருடைய அப்பா வேலை பிரித்துக் கொடுத்த மண்டோர். இன்று நம் குழுவை நடத்துகிறவர் இவர். நல்லது. அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களில் ஒருவராவது பெரிதாக்கிப் படித்தீர்களா?

நான் படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பாலத்தைக் கட்டியவர் வெள்ளைக்காரப் பொறியாளர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது நமக்குப் பழகிப்போனது, விடுங்கள். கடைசியில் நாலு வரி இருக்கிறது. தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருத்தி மூடநம்பிக்கையால் பாலத்துச் சுவரைக் கம்பியால் குத்தித் துளைத்தாள். அதனால் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. அவள் போட்ட துளைகள் இப்போது அடைத்துச் சரிசெய்யப்படுகின்றன. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன தகவலாம். அந்தப் பெரியவர்தான் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

அந்தப் பெண் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைக் கல்லுக்குப் பக்கத்தில் பலகை நட்டு எழுதியே வைத்துவிட்டார்கள்.

அத்தையை உங்களுக்கு நினைவிருக்கும். புருஷன் வேறொருத்தியோடு லூமுட் பக்கம் போய்விட்ட பிறகு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து, முன்னறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டவள். குழாயடியில் உங்கள் அம்மாமார்கள் அவளை வாழாவெட்டி என்று சொன்னதை நான் குடத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். என் அம்மாவும் சொன்னாள், அதையும் மறைக்கவில்லை. அத்தைக்குப் பெரிய கை. தேங்காயைச் சுவரில் தட்டி உடைப்பாள். சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். அதுவும் ஒரு குற்றமாகத்தான் இருந்தது.

அவளுக்குப் புல் வெட்டும் கேங்கில் வேலை. விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, மாதத்தில் இரண்டு நாள் அவளை மட்டும் பாலத்துக்கு அனுப்புவார்கள். ரயில்வேக்காரர்கள் தோட்டத்திடம் விட்டிருந்த வேலை அது. கல் இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்க வேண்டும். பிறகு சுவரில் வரிசையாக இருக்கும் ஓட்டைகளில் கம்பியை விட்டுக் குத்தி அடைப்பை எடுக்க வேண்டும். பாலத்து வளைவுகளுக்கு மேலே, இரண்டு பக்கக் கல் சுவருக்கும் நடுவில் மண்ணும் சரளையும் நிரப்பித்தான் தண்டவாளம் போட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் அந்த மண்ணில் இறங்கும். இறங்கியது வெளியேற வழி வேண்டாமா? அதற்காகக் கட்டும்போதே விட்ட ஓட்டைகள் அவை. எனக்கு இது இந்த வயதில் தெரிகிறது. அத்தைக்கு அன்றே தெரியும். மலையாளி ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் அவளிடம் கம்பியைக் கொடுத்து, தண்ணீர் வரும்வரை குத்து, வந்தால் நிறுத்து என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவளுக்குப் பயிற்சி. எழுத்தில் ஒன்றும் கிடையாது. பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

கம்பி இரண்டு ஆள் உயரம் இருக்கும். பிடிக்கும் இடத்தில் பழைய கைலித் துணியைச் சுற்றியிருப்பாள். மூங்கில் ஏணியில் ஏறி நின்று குத்துவாள். முதலில் கறுப்புச் சேறு வரும், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர் அவள் தோளிலும் மார்பிலும் ஊற்றும். பள்ளி விடுமுறையில் நான் அங்கே கொய்யாமரத்தில் உட்கார்ந்து காயைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன். ஈரக் கல்லின் வாசனையும், ஆலையிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறும். அத்தை கீழே இறங்கியதும் சேலையைப் பிழிந்துவிட்டு, தகரக் குவளையில் ஆறிப்போன கோப்பியைக் குடிப்பாள்.

இனி சாமி விஷயத்துக்கு வருகிறேன். பாலத்தின் நடுக்கண், நாலாவது. அதன் வளைவிலிருந்து ஒரே இடத்தில் தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு மேடு வளர்ந்திருந்தது. கல்லுக்கு நடுவே பூசிய சுண்ணாம்பு கரைந்து வந்து படிந்தது. ஆனால் நாம் யார்? ஈப்போவைச் சுற்றியுள்ள குகைக் கோயில்களில் அதே மாதிரி வளர்ந்ததைக் கும்பிட்டு வளர்ந்த கூட்டம். மண்டோர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சுயம்பு லிங்கம் என்றார். மறுவாரம் அதற்கு விபூதிப் பட்டையும் மஞ்சள் துணியும் வந்தன. சுற்றி மூன்று பக்கம் செங்கல் சுவர் எழும்பியது. மேலிருந்து அபிஷேகம் தானாக நடக்கிறது, கூரை வேண்டாம் என்றார்கள். ஒரு கமிட்டி வந்தது. மண்டோர் தலைவர். ரப்பர் ஆலையில் வேலை பார்த்த என் அப்பா செயலாளர். நாமெல்லாம் சுண்டல் வாங்கப் போனோம்.

அத்தையும் கும்பிட்டாள், ஒழுங்காகச் சொல்லவேண்டும். சூடம் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஆனால் வீட்டில் அப்பாவிடம் மட்டும், அது சுண்ணாம்புதான் தம்பி, இருந்தாலும் கும்பிட்டா என்ன கெட்டுப்போச்சு என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் நல்ல வெயில். மழையே இல்லை. நாலாவது கண்ணில் சொட்டு குறைந்து, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே நாம் நூறு எண்ணலாம் என்று ஆகிவிட்டது. திருவிழா அன்று சாமி தலை காய்ந்து கிடந்தால் ஊருக்கே ஆகாது என்று கமிட்டி கூடியது. அங்கேதான் மண்டோருக்கு அந்த யோசனை உதித்தது. மற்ற ஓட்டைகளில் தண்ணீர் வீணாகப் போகிறது. அதையெல்லாம் சிமெண்டு போட்டு அடைத்துவிட்டால், மொத்தத் தண்ணீரும் சாமி தலைக்கு வந்துதானே ஆகவேண்டும்? எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுத் தவலைக்கும் பாலத்துக்கும் வித்தியாசம் தெரியாத மேதைகள். ஆலையிலிருந்து சிமெண்டு கொண்டுவர அப்பா ஒத்துக்கொண்டார்.

அத்தை அந்தக் கூட்டத்துக்குப் போனாள். பெண்கள் போகிற இடமில்லை அது. ஓட்டையை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், மழை வந்தால் கல் தாங்காது, ரயில் போகிற பாலம் என்று நின்றபடியே சொன்னாள். புருஷன் இல்லாதவள் சாமி காரியத்தில் வாய் வைக்கக் கூடாது என்றார் மண்டோர். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீ உன் வேலையப் பாருக்கா.”

“என் வேலையே அதுதான்லா தம்பி.”

இரண்டு நாளில் ஏழு கண்ணிலும் இருந்த ஓட்டைகளை அடைத்தார்கள், சாமி தலைக்கு மேலே இருந்த ஒன்றைத் தவிர. சாந்தைக் குழைத்து உள்ளே தள்ளியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அடுத்த பாலத்து நாள் வந்தபோது அத்தை கம்பியோடு போய், தன் கைக்கு எட்டிய நாலைந்து அடைப்பை இடித்து எடுத்தாள். நான் கொய்யாமரத்திலிருந்து பார்த்தேன். சிமெண்டு லேசில் விடவில்லை. அவள் உள்ளங்கை கிழிந்து, கம்பியில் சுற்றிய துணி சிவந்துவிட்டது. அன்று சாயந்திரமே மண்டோருக்குத் தெரிந்து, பெரட்டில் அவளைப் பாலத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

திருவிழா நன்றாக நடந்தது. அதையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின வாரம் ஒரு மழை பெய்து, சாமி தலையில் தண்ணீர் கம்பியாக ஊற்றியது. மண்டோர் காலில் விழுந்து கும்பிட்டவர்கள்கூட உண்டு.

சித்திரையில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் காலையில் அத்தை பாலத்துப் பக்கம் போய்விட்டு ஓடிவந்தாள். நாலாம் கண்ணுக்கு மேலே சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, ஸ்டேஷனுக்குச் சொல்லவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். மண்டோரைக் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்றார் அப்பா. மண்டோர் பூசை போட்டுப் பார்க்கலாம் என்றாராம். மத்தியானம், நாம் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, இடி மாதிரி ஒரு சத்தம். வாத்தியாரும் நம்மோடு சேர்ந்து ஓடிவந்தார். சுவரில் ஒரு லாரி அகலத்துக்குக் கல் பெயர்ந்து, மண்ணும் தண்ணீருமாகச் சாமி மேலேயே விழுந்திருந்தது. ரயில் வரும் நேரமில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுயம்பு லிங்கம் சேற்றோடு சேறாகப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை நடந்ததை நீங்கள் மறந்துவிட்டதாக நடிக்காதீர்கள். ஈப்போவிலிருந்து ரயில்வே அதிகாரி வருவதற்குள், கமிட்டி ஆண்கள் உளியும் சுத்தியலுமாகப் போய் மிச்சமிருந்த அடைப்பையெல்லாம் கொத்தி எடுத்தார்கள். அவசரத்தில் கல்லும் சேர்ந்து சில்லுசில்லாகப் பெயர்ந்தது. அந்தச் சிமெண்டுக் கட்டிகளை ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டியது யார்? நாம்தான். ரப்பர் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தோம். மண்டோர் மகன் முதலில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகன் இரண்டாவது, நான் அதற்குப் பின்னால். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிரீம் பிஸ்கட் கிடைத்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டது எதற்கென்று யாருக்காவது இப்போதாவது கேள்வி வருகிறதா?

அதிகாரி வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் கல்மேல் கல்லாகத் தாவி வந்தார். ஓட்டைகளைச் சுற்றிக் கல் பெயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிராணிதான் நடுவில் நின்று பேசினார். ஒரு பெண் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தாள் என்றார் மண்டோர். கம்பியையும் எடுத்துக் காட்டினார்கள், துணியில் ரத்தக் கறையோடு. பார்த்த சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். பெரியவர்கள் சாட்சி சொன்னால் அவர்களையே கேள்வி கேட்பான் என்று பயம். யாரோ என்னைக் கைகாட்டினார்கள்.

அப்பா என் பக்கத்தில் குனிந்து, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்றார். நான் ஒன்பது வயதுப் பெண். அத்தை கம்பியால் சுவரைக் குத்தியதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சிமெண்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுதாங்க எனக்குக் குடுத்த வேலை என்று அத்தை இரண்டு தடவை சொன்னாள். கிராணி அதை அதிகாரிக்குச் சொல்லவே இல்லை. கிராணி மகனே, நீயும் அங்கேதான் நின்றாய்.

செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்கள். தோட்டத்தில் வேலை இல்லாதவர் லயத்தில் தங்கக் கூடாது. ஒரு துணி மூட்டையும் தகரக் குவளையும்தான் அவள் எடுத்துப்போனது. கம்பியை அதிகாரி கொண்டுபோனார், அது திரும்பி வரவில்லை. அப்பா பஸ் நிறுத்தம் வரைகூடப் போகவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று பிறகு அம்மா எனக்குச் சொன்னாள். உண்மை தெரிந்தால் ஐந்தாறு குடும்பத்து ஆண்களை உள்ளே தள்ளுவார்கள். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். இதுதான் என் அப்பா போட்ட கணக்கு. ஒரு பொம்பளைக்குப் பிள்ளை இல்லையென்றால் பெயரும் தேவையில்லை போலிருக்கிறது.

அத்தை ஈப்போ புந்தோங்கில் ஒரு சின்ன அறை எடுத்து, டவுனில் தமிழ் முஸ்லிம் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். சாகும்வரை அதே கடைதான். எனக்குக் கல்யாணம் ஆகி ஈப்போவுக்கு வந்த பிறகு ஒருநாள் தேடிப்போனேன். அன்றைக்கு நான் சொன்ன சாட்சியைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டு அழுதேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்.

“நீ சின்னப் புள்ளலா. பாத்தியான்னு கேட்டாங்க, பாத்தேன்னு சொன்ன. கேக்க வேண்டியத கேக்காதவன் எல்லாம் பெரிய மனுஷனா இருந்தான், அதுக்கு நீ என்ன செய்வ. சாப்ட்டுட்டுப் போ.”

நான் சாப்பிட்டேன். மீன் தலைக் கறி. அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் போய் உண்மையைச் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருந்தார், அவர் போகட்டும் என்றிருந்தேன். அவர் போனார். அம்மா இருக்கட்டும் என்றிருந்தேன். அம்மாவும் போனாள். பிறகு எனக்கே வயதாகிவிட்டது என்று சாக்குச் சொன்னேன். உங்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அந்தப் பலகையைப் படித்த அன்றே குழுவில் இரண்டு வரி எழுதினேன், இது பொய் என்று. பழசைக் கிளறாதீங்க அக்கா, செத்தவங்கள ஏன் இழுக்கணும் என்று மண்டோர் மகன் பதில் போட்டார். செத்தவளை இழுத்துப் பலகையில் போட்டவர் சொல்கிறார் இதை! உடனே ஒருவர் பிள்ளையார் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அதன்கீழே எட்டு வணக்கம். என் இரண்டு வரி எங்கோ மேலே போய்விட்டது.

மறுநாள் மருமகளைக் காரெடுக்கச் சொல்லிப் பாலத்துக்கே போனேன். ஆறு இளைத்துவிட்டது. நாலாம் கண்ணில் பிறகு வைத்த கல்லின் நிறம் இன்னும் வேறாகத்தான் இருக்கிறது. சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. என்ன வேலை தெரியுமா? பலகையில் எழுதியபடியே, அந்தப் பெண் போட்ட துளைகளைச் சிமெண்டு குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கண் முடிந்துவிட்டது. பாலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அன்று மண்டோர் செய்ததை இன்று படித்தவர்கள் அரசாங்கச் சாமானில் செய்கிறார்கள்.

சாரத்தின்கீழ் நின்று கத்தினேன். ஒரு மலாய்ப் பெண் இறங்கி வந்தாள், பொறியாளர், என் பேத்தி வயதுதான் இருக்கும். மக்சிக் என்று மலாயில் மரியாதையாகக் கூப்பிட்டு, உட்காருங்கள் என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள், அதற்கு அவளுக்கு நன்றி. கல் பாலத்தில் தண்ணீர் போக ஓட்டை விடுவார்கள் என்று படித்திருக்கிறேன், இவையும் அப்படித்தானோ என்று எனக்கும் சந்தேகம்தான் என்றாள். ஆனால் பழைய ரயில்வே கோப்பில் இவை சேதம் என்று இருக்கிறது, அதை வைத்துத்தான் மேலே முடிவு செய்தார்கள் என்றாள். கைப்பேசியில் அந்தத் தாளைக் காட்டினாள். நேரில் பார்த்த ஒரு குழந்தையின் சாட்சி இருக்கிறது, மக்சிக் சொல்வதை மட்டும் வைத்து அதை எப்படித் தள்ள முடியும் என்று தயக்கத்தோடு கேட்டாள்.

“அந்தக் குழந்தை நான்தான்.”

அவள் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டாள். மேலே ஏறிப்போய் வேலையை நிறுத்தச் சொன்னாள். இரண்டு வாரத்துக்குத்தான் தன்னால் நிறுத்த முடியும், அதற்குள் எழுத்தில் வாக்குமூலம் வேண்டும், ஓட்டைகளை அடைத்தவர்கள் யார், பிறகு கொத்தி எடுத்தவர்கள் யார் என்று பெயரோடு வேண்டும், கூட இருந்து பார்த்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் கோப்பையும் மாற்றலாம், பலகையையும் மாற்றலாம் என்றாள்.

அன்று இரவே உங்களில் ஆறு பேருக்குப் போன் போட்டேன். பாரிட் புந்தாரில் இருக்கிறவளுக்கு மகன் வீட்டில் விசேஷமாம். ஒருவருக்குக் கண் ஆப்பரேஷன். கிராணி மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ சொல்றது எல்லாம் சரிதான், ஆனா எங்கப்பா பேரு வரும்லா என்று வைத்துவிட்டார். மற்ற மூன்று பேர் எடுக்கவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நம் எல்லாருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. அத்தையைத் தெரிந்தவர் யாருமில்லை.

இன்று காலை ஈப்போவில் அந்த அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போனேன். தாள் நாலு பக்கம். நடந்ததையெல்லாம் எழுதினேன், பிஸ்கட்டையும் எழுதினேன். கூட இருந்து பார்த்தவர்கள் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது, கீழே கோடுகள் காலியாக இருக்கின்றன. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, வந்தால் வாருங்கள். ஓட்டைகளை அடைத்தவர்கள் என்ற இடத்தில் முதலில் என் அப்பாவின் முழுப்பெயரை எழுதினேன். எழுதியவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்று அடுத்த கட்டத்தில் கேட்டிருந்தது. மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.